இரண்டாவது முத்திரை

கடலோர ஊரான எங்கள் நமெரிகாவாவில் பனிக்காலம் வந்துவிட்டால் சாலையெல்லாம் துரு நிறமாகிவிடும். பனி படியாமல் இருக்க நடுச்சாலையில் குழாய் பதித்து நிலத்தடித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகம். வெள்ளைச் செருப்பு வாங்குகிறவன் ஒரே வாரத்தில் வருத்தப்படுவான். அந்தத் தண்ணீரில் டயர் சளசளக்க, காலை ஏழு பத்துக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு குட்டி வேனில் மாத்திரைக் கம்பெனிக்குக் கிளம்புவோம். ஓட்டுவது ஷிமாகுரா கோசாகு, அறுபத்தேழு வயது. பக்கத்தில் அவருடைய மருமகன் மசாத்தோ. பின்னால், மூன்று பேருடைய சாப்பாட்டுப் பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு இவாசே, அதாவது நான்.

மாத்திரை செய்கிறவர்கள் மாடியில் வெள்ளை உடுப்பில் திரிவார்கள். நாங்கள் கீழே இயந்திர அறை ஆட்கள். காலைச் சுற்றில் கொதிகலன் கோசாகுவுக்கு, கட்டடத்தைக் குளிர வைக்கிற சில்லர் மசாத்தோவுக்கு, மின்சாரப் பெட்டிகள் எனக்கு. கோசாகு ஓய்வு பெற்றும் வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்து வந்துகொண்டிருந்தார். மார்ச் முடிந்தால் அடுத்த ஒப்பந்தம்.

மசாத்தோவை மருமகன் என்றேன். சட்டப்படி மகன். கோசாகுவுக்கு ஒரே பெண் கியோமி. வீட்டுப் பெயர் நிற்க வேண்டும் என்று மாப்பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டார். அவனும் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஷிமாகுரா ஆனான், அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவான். ஆக, ஒரே வீட்டில் இரண்டு ஷிமாகுரா, ஒரே இயந்திர அறையிலும் இரண்டு ஷிமாகுரா. எங்களுக்குக் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான். பெரியவரின் முத்திரையில் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். மசாத்தோவுடையதில் மூலையில் ஒரு எழுத்து கூடுதல். இரண்டும் இயந்திர அறை மேஜையின் முதல் இழுப்பறையில் ஒரே தகர டப்பாவில் கிடக்கும்.

எங்கள் வேலையில் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நீராவி வால்வு, மூடியிருக்கு, சரி!" இப்படி. புதிதாக வருகிறவன் வெட்கப்பட்டு முணுமுணுப்பான், ஒரு மாதத்தில் பழகிவிடும். கோசாகுவுக்கு இது வேலையோடு நிற்கவில்லை. முச்சந்தியில் வேனை நிறுத்தி, "வலது, சரி! இடது, சரி!" என்பார். வீட்டில் அடுப்புக் குழாயை அடைத்துவிட்டு "கேஸ், சரி!" என்பார். கியோமி சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள், வாயும் கத்தி மாதிரிதான். "அப்பா, உங்க பல்செட்டு டம்ளர்ல கிடக்கு, சரி!" என்பாள். அவரும் சிரிப்பார். அந்த வீட்டில் அப்போது சிரிப்பு இருந்தது.

டிசம்பரில் கடல் பக்கம் இடி இடித்து, புரி மீன் வரத்துத் தொடங்கிய வாரம், சில்லர் நின்றது.

உள்ளே ஓடுகிற குளிர்திரவம் குறைந்துபோய், அழுத்தம் இறங்கித் தானாக அணைந்திருக்கிறது. மாடியில் மருந்து உலர்த்தும் அறையில் ஈரம் ஏறத் தொடங்கியது. எங்கள் பிரிவுத் தலைவர் துச்சிதா தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்தில் பிறந்து காகிதத்தில் வளர்ந்தவர்.

"எங்கய்யா போச்சு? தொண்ணூறு கிலோ குறையுது! குடிச்சீங்களா?"

"குடிச்சிருந்தா நாங்க குளிர்ந்து கிடப்போம் சார்" என்றார் கோசாகு. "சில்லர்ல ஓட்டை இருந்தா திரவம் வெளிய வராது, வெளிக்காத்துதான் உள்ள போகும். உள்ள அழுத்தம் அவ்வளவு கம்மி."

"அப்ப எப்படிக் குறைஞ்சுது?"

"அதத்தான் தேடணும்."

இரண்டு உருளை திரவத்தை ஊற்றி இயந்திரத்தை ஓட்டிவிட்டு, வருஷப் பிறப்பு விடுமுறையில் தேடினோம். ஊரே கோயிலுக்குப் போய் மணி இழுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் சில்லரைச் சுடுதண்ணீரால் சூடுபடுத்தி, உள்ளழுத்தத்தை ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தோம். குமிழி வந்தால் ஓட்டை. கோசாகு முழங்காலுக்கு அட்டை போட்டு மண்டியிட்டு, நூற்றுக்கணக்கான போல்ட்டுகளுக்குத் தூரிகையால் நுரை பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை. மத்தியானம் துருவிய கடற்பாசி சுற்றிய சோற்றுருண்டையும், கியோமி கொடுத்தனுப்பிய புரி மீன் முள்ளங்கிக் கறியும் தின்றோம். கறியில் மீன் தலை பெரியவருக்குத்தான் போகும், அது வீட்டு வழக்கம். அன்றைக்கு அவர் அதை எடுத்து மசாத்தோவின் பெட்டியில் வைத்தார்.

"நீ தின்னு மசா. ஏப்ரல்ல துணைத் தலைவர் ஆகப்போறவன். தலையைத் தின்னாத்தான் தலை வேலை செய்யும்."

"பேர் பட்டியல்ல இருக்கு, அவ்வளவுதான் அப்பா."

"ஷிமாகுரா வீட்ல மூணு தலைமுறையா ஒருத்தனும் தலைவர் ஆகலை. நீ வெளிய இருந்து வந்து ஆகப்போற. நான் செத்தா உன் மாமியார்கிட்டப் போய் முதல்ல இதத்தான் சொல்லுவேன்."

மசாத்தோ மீனின் கண்ணை உறிஞ்சிச் சாப்பிட்டான். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

விடுமுறை முடிந்து இயந்திரம் ஓடியது. ஜனவரியில் குறைவே இல்லை. ஊற்றினது ஊற்றினபடி நின்றது. சர்வீஸ் ஆள் வந்து அந்த வாரத்து எண்களைப் பார்த்து, எல்லாம் ஒழுங்கு என்று தேநீர் குடித்துவிட்டுப் போனார். தலைமை அலுவலகம் மட்டும் விடவில்லை. போனது எங்கே, காரணம் என்ன, ஒரு வரி எழுதி அனுப்பு என்றது. துச்சிதா பழைய தாள்களைப் புரட்டினார். அக்டோபர் பதினெட்டாம் தேதித் தாளில் வந்து நின்றார்.

அன்று பர்ஜ் பெட்டியில் வடிகட்டி மாற்றியிருந்தார்கள். பர்ஜ் என்பது சில்லரின் தோளில் உட்கார்ந்திருக்கிற, அலமாரி அளவுப் பெட்டி. சில்லருக்குள் புகுந்த காற்றைப் பிரித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. வாயுவை உறிஞ்சிக் குளிர வைக்கும். திரவமானது ஒரு வால்வு வழியாகச் சில்லருக்கே திரும்பும். திரவமாகாத காற்றைச் சின்ன பம்ப் ஒன்று கூரைக்கு மேலே ஊதும். வடிகட்டி மாற்றும்போது வால்வுகளை மூட வேண்டும், முடிந்ததும் திறக்க வேண்டும். செய்தவர் ஒரு முத்திரை, கூட நின்று சரிபார்த்தவர் இரண்டாவது முத்திரை.

கூட்டத்தில் துச்சிதா தாளை மேஜையில் திருப்பி வைத்தார்.

"பெரியவரே, இந்த ரெண்டாவது முத்திரை உங்களுதுதானே?"

கோசாகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "என்னுதுதான். கீழ்க் கோடு தேஞ்சிருக்கு பாருங்க."

"வால்வெல்லாம் மூடியிருந்துச்சான்னு பார்த்துட்டுத்தானே பெட்டியைத் திறக்கச் சொன்னீங்க?"

"முத்திரை இருக்கே. பார்த்திருப்பேன்."

"பார்த்திருப்பேன்னா?"

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "அன்னைக்குக் கொதிகலன் நின்னுச்சு. அதுக்கு ஓடினது ஞாபகம் இருக்கு. திரும்பி வந்து பர்ஜைப் பார்த்தது..." என்று சொல்லி நெற்றியைத் தேய்த்தார். "வரலை. யோசிச்சாலும் வரலை."

"பெட்டியைத் திறந்தப்போ ஒரு வால்வு சரியா மூடாம இருந்திருக்கும், திரவம் அன்னைக்கே போயிருக்கும். வேற வழியே இல்லை" என்றார் துச்சிதா. குரலில் கோபம் இல்லை, பரிவுதான் இருந்தது. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல பெரியவரே. யாரும் குத்தம் சொல்லலை."

கோசாகு எழுந்து, இடுப்பு வளைய எங்கள் எல்லோருக்கும் தலை குனிந்தார். "பெரிய தொல்லை கொடுத்துட்டேன். மன்னிக்கணும்." மசாத்தோ காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். மாமனாருக்காக வெட்கப்படுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்பு நின்றது. ஒரு வேலையைச் செய்ய மறந்தேன் என்று மட்டும் கோசாகு நினைக்கவில்லை. முத்திரை குத்திவிட்டு, குத்தினதையே மறந்தவர் என்று தன்னைப் பற்றி நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒரு நோட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாத்திரை தின்றால் எழுதுவார். குளித்தால் எழுதுவார். காலையில் கிளம்பும்போது "கேஸ், சரி!" என்று சொல்லிவிட்டு வேன் வரை வருவார், திரும்பிப் போவார், மறுபடி சொல்வார். மூன்று தடவை, நான்கு தடவை. வேனை மசாத்தோ ஓட்ட ஆரம்பித்தான். முச்சந்தியில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

பிப்ரவரி முதல் வாரம் கியோமி வேலிக்கு அந்தப் பக்கம் பனியை வாரிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, அப்பாவை ஞாபக மறதி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்."

"அவ்வளவு தூரம் வந்துருச்சா?"

"நான் கூப்பிடலை. அவரேதான் 'கூட்டிட்டுப் போ'ன்னாரு. நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க. டகடகன்னு கழிச்சாரு. கடிகாரம் வரையச் சொன்னாங்க, நொடி முள்ளும் சேர்த்து வரைஞ்சாரு. டாக்டர் 'ஒண்ணும் இல்லையே'ன்னாரு. உடனே இவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'இல்ல டாக்டர், எழுத்துப்பூர்வமா ஆதாரம் இருக்கு'ன்னாரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கப் போறாராம். விடியக்காலம் துறைமுகத்துக்குப் போய் ஏலத்துல நின்னு ஒரு மீன் வாங்கிட்டு வர்றது ஒண்ணுதான் அந்த மனுஷனுக்கு இருக்கிற சந்தோஷம். என் கடைல இருந்து கொண்டுவந்த மீனை இதுவரைக்கும் ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொன்னதில்லை. இப்ப போடுறதைச் சாப்பிடுறாரு. நேத்து கேட்டாரு, 'கியோமி, நான் சாப்பிட்டுட்டேனா?'ன்னு. தட்டு முன்னாலதான் இருக்கு, காலியா. மறந்து கேக்கலை அண்ணே. தன் மேலயே நம்பிக்கை இல்லாம கேக்கிறாரு. எனக்கு வித்தியாசம் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூரைப்பனி இடுப்பளவு ஏறிவிட்டது. இந்த வயதில் நான் தனியாகக் கூரை ஏறினால் என் மனைவி கீழே நின்று ஒப்பாரி வைப்பாள். மசாத்தோ மண்வெட்டியோடு வந்தான். இருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கட்டி கட்டியாக வெட்டித் தள்ளினோம். முகட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, தூரத்துத் தாதெயாமா மலையைப் பார்த்தபடியே அவன் சொன்னான்.

"அண்ணே, அந்த வால்வு மூடியிருந்துச்சு."

"எந்த வால்வு?"

"பர்ஜ்ல திரவம் திரும்பி வர்ற வால்வு. அக்டோபர்ல வடிகட்டி மாத்த நான்தான் மூடினேன். திறக்கலை."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். திரும்புகிற வழி அடைபட்டால் திரவம் பர்ஜ் பெட்டியிலேயே நிறையும். நிறைந்தால் காற்றோடு சேர்ந்து அதுவும் பம்ப் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். தொண்ணூறு கிலோவையும் இரண்டு மாதமாக நாங்களே ஊதி வெளியே தள்ளியிருக்கிறோம்.

"விரலை நீட்டிச் சொல்லலையாடா?"

"சொன்னேன். 'திரும்பும் வால்வு, திறந்திருக்கு, சரி!' அன்னைக்கும் சொன்னேன், அதுக்கப்புறம் தினம் காலையிலயும் சொன்னேன். அதுல 'எப்போதும் திறந்திருக்கணும்'னு ஒரு அட்டை தொங்குதில்ல? கண்ணு அட்டையைப் படிக்கும், வாய் சொல்லிரும். வட்டக் கைப்பிடி அண்ணே, தொட்டுத் திருகினாத்தான் தெரியும்."

"அப்பா கூட இருந்தாரே அன்னைக்கு?"

"அவர் கொதிகலனுக்கு ஓடிட்டாரு. நானே படிச்சு, நானே சொல்லி, டப்பால இருந்து எடுத்து ரெண்டு முத்திரையும் நானே குத்தினேன். எல்லாரும் செய்றதுதானே."

எல்லோரும் செய்வதுதான். அந்த டப்பாவில் என் முத்திரையும் கிடக்கிறது, என் கை படாமல் எத்தனை தாளில் ஏறியிருக்கிறதோ தெரியாது.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"ஜனவரி அஞ்சாம் தேதி. திரும்புற குழாயில சும்மா கை வச்சேன். ஓட்டமே இல்லை, சுவர் மாதிரி இருந்துச்சு. திருகினேன், ஏழு சுத்து வந்துச்சு. திறந்து விட்டுட்டு... அப்படியே வந்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கூட்டம் வந்துருச்சு. அப்பா எந்திரிச்சுத் தலை குனிஞ்சாரு பாருங்க, அப்ப வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை. வீட்டுக்குள்ள எடுத்துக்கிட்டவங்க அண்ணே அவங்க. இருபது வருஷமா மகனா வச்சிருக்காங்க, தன் பங்கு மீன் தலையையே எடுத்து எனக்கு வச்சாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

இந்தக் கதையில் என் பங்கு இங்கேதான் வருகிறது. நல்ல பங்கு இல்லை. நான் அவனைக் கீழே இறங்கி ஓடிப்போய்ச் சொல்லடா என்று உதைத்திருக்க வேண்டும். மாறாக நான் சொன்னது இது: "மார்ச்சோட அவர் எப்படியும் நின்னுருவார். உனக்கு ஏப்ரல்ல பதவி. இப்பப் போய்க் கிளறி யாருக்கு என்ன லாபம்? கொஞ்சம் பொறு." நியாயமாகப் பேசுகிற குரலில் சொன்னேன். அவன் தலையாட்டினான். இரண்டு பேரும் எழுந்து மிச்சப் பனியைத் தள்ளினோம்.

பத்து நாள் அப்படிப் போனது. எதிர்வீட்டில் காலையில் "கேஸ், சரி!" என்று குரல் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கும். நான் என் வீட்டுச் சமையலறையில் நின்று, எத்தனை தடவை என்று எண்ணுவேன். ஒரு நாள் ஏழு வந்தது. வால்வைத் திறக்க ஏழு சுற்று என்று மசாத்தோ சொன்னது ஞாபகம் வந்து, குடித்துக்கொண்டிருந்த சூப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க கோசாகு போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிய அன்று, தபால் ஆபீசில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி நானும் வேனில் ஏறிக்கொண்டேன். மசாத்தோ ஓட்டினான். கோசாகு கோட்டுப் போட்டு, சவரம் செய்து, உரிமத்தை ஒரு உறையில் வைத்து மடியில் பிடித்திருந்தார்.

"திருப்பிக் கொடுத்தா பஸ்ஸுக்குப் பாதி டிக்கெட்டாம் இவாசே. உனக்கும் வயசாகுது, யோசி."

"எனக்கு உங்களவிட நாலு வயசு கம்மி."

"அது சரி, உன் கார்ல இருக்கிற கீறல் எல்லாம் உன்னவிடப் பெரிசு."

கேலி செய்கிறாரே என்று எனக்குச் சின்ன நம்பிக்கை வந்தது. நிலையத்து முற்றத்தில் மசாத்தோ வேனை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. பனி துடைக்கிற வைப்பர்கள் கண்ணாடியில் இழுத்துக்கொண்டே இருந்தன. கோசாகு கதவுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"அப்பா, இறங்காதீங்க" என்றான் மசாத்தோ. "அந்த முத்திரையைக் குத்தினது நான்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். கூரையில் எனக்குச் சொன்னது போல் இல்லை. குழறி, முன்னும் பின்னுமாக, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னான். முடித்ததும் நான் பின்னாலிருந்து, "எனக்கும் பத்து நாளாத் தெரியும் பெரியவரே. சொல்லாதேன்னு சொன்னது நான்தான்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக நான் உணர்ந்ததில்லை.

கோசாகு கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார்.

"பர்ஜ் கண்ணாடியில திரவ மட்டக் கோடு எப்படி இருந்துச்சு?"

"கோடே தெரியலை அப்பா. காலியா இருக்குன்னு நினைச்சோம்."

"முழுக்க நிறைஞ்சாலும் கோடு தெரியாதுடா. டார்ச் அடிச்சுப் பார்த்தியா?"

"இல்ல."

"ஒரு நாளைக்குப் பம்ப் ஓடுற நிமிஷம்?"

"அக்டோபர்ல ஆறு. நவம்பர்ல பத்தொம்பது. டிசம்பர்ல முப்பத்திநாலு."

"முப்பத்திநாலு." அவர் கண் மூடிக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். "நீ கானசாவாவுக்குப் போன அன்னைக்கு உன் சுத்து நான்தான் போனேன். முப்பத்திநாலுன்னு எழுதினது என் கை. அந்த வால்வைப் பார்த்துத் திறந்திருக்கு, சரின்னு நானும் சொன்னேன்." கண்ணைத் திறந்து, "அதுவும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

"நீங்க மறக்கலை அப்பா. எதையும் மறக்கலை. உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."

"அழாதே. உள்ள இருக்கிற போலீஸ்காரன் பார்த்தா நான் உன்னை அடிச்சேன்னு நினைப்பான்."

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். தேதி எழுதினார். பிறகு நோட்டை மசாத்தோவிடம் நீட்டினார்.

"நீயே எழுது. உன் கையால."

"என்னத்தை?"

"இப்ப சொன்னியே, அதை. நான் எழுதினா நாளைக்குக் காலையில படிச்சுட்டு, ஆசையில நானே எழுதிக்கிட்டேன்னு நினைப்பேன். உன் முத்திரை இருந்தா அதையும் குத்து. மூலையில எழுத்து இருக்கே, அது."

மசாத்தோ எழுதினான். பென்சில் நுனி ஒருமுறை உடைந்தது. கோசாகு பேனாக்கத்தியால் சீவிக் கொடுத்தார். கூட்டத்துக்குப் பிறகு டப்பாவில் போடாமல் தன் பையிலேயே வைத்திருந்த முத்திரையை அவன் குத்தினதும், கோசாகு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூலை எழுத்தை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு நோட்டைப் பையில் வைத்தார். உரிமம் இருந்த உறையையும் அதே பையில் வைத்தார். "மீன் கடை திறந்திருக்கும். போ" என்றார். தானே ஓட்டுகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே மசாத்தோ துச்சிதாவிடம் போனான். நானும் கூடப் போனேன். அறிக்கை திருத்தப்பட்டது. துணைத் தலைவர் பட்டியலில் அவன் பெயர் இல்லாமல் போனது. தகர டப்பா தூக்கி எறியப்பட்டு, அவரவர் முத்திரையை அவரவர் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று புது விதி வந்தது. துச்சிதா ஷிமாகுரா வீட்டுக்கே வந்து, வாசற்படியில் தலை குனிந்து, இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தக் காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். கியோமி பத்து நாள் புருஷனோடு பேசவில்லை. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அவள் சொன்னது ஒன்றுதான், அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி: "காலித் தட்டை முன்னால வச்சுக்கிட்டு, சாப்பிட்டேனான்னு அவர் கேட்ட அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?" தெரிந்திருக்கவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். ஆனாலும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் முதல் தேதி புது ஒப்பந்தத்தில் கோசாகு வேலைக்கு வந்தார். கடலில் மின்மினிக் கணவாய் வந்திருந்த காலம்; சாப்பாட்டுப் பெட்டியில் அதுதான் இருந்தது. இயந்திர அறையில் எல்லோரும் கை தட்டினோம். அவர் சிரித்தார், துச்சிதாவின் தொப்பையைக் கேலி செய்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று ஒரு மணி நேரம் நம்பினேன்.

"முதல்ல பர்ஜைப் பார்த்துட்டு வந்துர்றேன்" என்றார். மசாத்தோவும் நானும் பின்னால் போனோம். இரும்புப் படியேறி, சில்லரின் தோளுக்குப் போய் நின்றார். அட்டையைக் கழற்றி ஓரமாக மாட்டினார். வட்டக் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மூடி, மறுபடி முட்டும் வரை திறந்தார். குழாயில் உள்ளங்கையை வைத்து ஓட்டத்தைப் பார்த்தார். இதைவிடச் சரியாக யாரும் பார்க்க முடியாது. பின்னால் ஒரு அடி தள்ளி நின்று, முதுகை நிமிர்த்தி, விரலை நீட்டினார்.

"திரும்பும் வால்வு, திறந்திருக்கு..."

விரல் நீட்டியபடியே நின்றது. அவர் மறுபடி முன்னால் போய்க் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். பின்னால் வந்து விரலை நீட்டினார்.

"திரும்பும் வால்வு, திறந்திருக்கு..."

மசாத்தோ படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்றாம் முறை அவர் விரலை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. ஏதோ உதவி கேட்கிற முகம்.

"இவாசே, நீயும் ஒரு தடவை தொட்டுப் பாரேன்."

தொட்டேன். திறந்துதான் இருந்தது.

"திறந்திருக்கு, பெரியவரே. சரி" என்றேன்.

அவர் நோட்டை எடுத்தார்.